மடியில் ஒரு வெளிச்சம்: சின்ன டார்ச்சைச் சோதித்து வாங்கும் பாடம்

விதை வாங்கினால் முளைப்புத் திறன் பார்க்கிறோம். மாடு வாங்கினால் பல்லைப் பார்த்து, சுழி பார்த்து, நாலு பேரைக் கேட்டு வாங்குகிறோம். டார்ச் லைட்டு மட்டும் சந்தைக்குப் போனோமா, கடைக்காரர் அடிச்சுக் காட்டினாரா, "நல்லா எரியுதே" என்று பையில் போட்டோமா என்று முடிந்துவிடுகிறது. இருட்டில் வரப்பில் கால் வைக்கிறவர்களுக்கு அது மண்வெட்டிக்குச் சமமான கருவி. அதனால் பூச்சிவிரட்டி, கரைசல் எல்லாவற்றையும் இந்த ஒரு இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு, சட்டைப் பையிலோ வேட்டி மடியிலோ அடங்குகிற சின்ன டார்ச்சை எப்படி எடைபோடுவது என்று எழுதுகிறேன்.

பெரிய டார்ச்சைப் பற்றி நான் பேசவில்லை. தென்னை உச்சி வரைக்கும் அடிக்கிற, காட்டுப்பன்றி விரட்டுகிற லைட்டு எல்லார் வீட்டிலும் ஒண்ணு இருக்கும். அது பெரும்பாலும் வீட்டுச் சுவரில் சார்ஜில் தொங்கிக்கொண்டிருக்கும். நாம் தோட்டத்தில் இருப்போம். ஊரில் பாம்பு கடித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ராத்திரிக் காவலுக்கு என்று கம்பும் லைட்டுமாகக் கிளம்பிப் போனவர்கள் குறைவாக இருப்பார்கள். சாயங்காலம் மாட்டுக்குத் தட்டு எடுத்துப் போடப் போனவர், "ரெண்டு நிமிஷம்தானே" என்று மடை மாத்தப் போனவர், மும்முனை மின்சாரம் வந்த சத்தம் கேட்டு மோட்டார் ரூமுக்கு ஓடினவர், விடியக்காலை பால் கறக்கப் போன அம்மா, இப்படித்தான் இருக்கும். திட்டம் போடாத இருட்டுக்குத்தான் மடியில் இருக்கிற வெளிச்சம் வேண்டும்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக சுமார் 58,000 பேர் இறந்திருப்பார்கள் என்று 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலோர் கிராமத்துக்காரர்கள். ஏறக்குறைய பாதிச் சாவு ஜூன் முதல் செப்டம்பர் வரையான மழை மாதங்களில். எல்லாமே வெளிச்சம் இல்லாததால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலடியில் என்ன கிடக்கிறது என்று இரண்டு எட்டு முன்னாடியே தெரிந்திருந்தால் தப்பியிருக்கக் கூடியவர்கள் அதில் நிறையப் பேர் இருப்பார்கள்.

"அதுக்குத்தான் போன்ல லைட்டு இருக்கே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. போன் லைட்டு பக்கத்தில் பரவலாக விழும். மூன்று, நான்கு அடிக்கு அப்பால் மங்கிவிடும். ஈரக் கையில் திரை கேட்காது. வாய்க்காலில் விழுந்தால் வெளிச்சமும் போச்சு, 108-ஐக் கூப்பிட வேண்டிய போனும் போச்சு. அவசரத்துக்கு ஆகும், அன்றாடத்துக்கு ஆகாது.

எத்தனை அடி தெரிய வேண்டும்?

இதை முதலில் கணக்குப் போட்டுக்கொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும். வரப்பில் நாம் நடக்கிற வேகம் நொடிக்கு மூன்று, நான்கு அடி. கண்ணில் பட்டது கயிறா வேறா என்று மனசுக்குப் பிடிபட்டு, கால் நிற்க ஒன்றரை நொடியாவது ஆகும். அதற்குள் ஐந்தாறு அடி போயிருப்போம். அதற்கு மேல் பாம்புக்கும் நமக்கும் நடுவே ஒரு இடைவெளி வேண்டும். ஆக, காலடியிலிருந்து 12 முதல் 15 அடி வரை, வரப்பின் இரண்டு பக்கச் சரிவும் சேர்த்து, ஒரே சீராகத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் தேவை. 300 மீட்டர் அடிக்கிற லைட்டு இந்த வேலைக்கு உதவாது என்பது மட்டும் இல்லை, கெடுதலும்கூட. நடுவில் ஒரு பளீர் வட்டம் விழும். அதைப் பார்த்துக் கண் சுருங்கிவிடும். வட்டத்துக்கு வெளியே கிடப்பது இன்னும் இருட்டாகிவிடும். இருட்டுக்குப் பழகின கண் வெளிச்சம் பட்டுக் கெட்டுவிட்டால், முழுசாகத் திரும்பப் பழக 20, 30 நிமிஷம் ஆகும்.

அட்டையில் போட்டிருக்கும் எண்கள்

டப்பாவில் பெரிதாகப் போட்டிருப்பது லூமென். அந்த விளக்கு எல்லாப் பக்கமும் சேர்த்து எவ்வளவு வெளிச்சம் கொட்டுகிறது என்பதுதான் அது. கிணற்றில் மோட்டார் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் எடுக்கிறது என்கிற மாதிரி. அந்தத் தண்ணீரைக் குழாய் வாயை நெருக்கி ஒரே இடத்தில் பீய்ச்சுகிறோமா, வாய்க்காலில் பரவ விடுகிறோமா என்பது வேறு கணக்கு. அதைச் சொல்வது கேண்டெலா. ஒரே 200 லூமென், குவித்தால் தூரம் போகும், விரித்தால் பக்கத்தில் அகலமாக விழும்.

தூரக் கணக்குக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் தூரம் வரும். 2,500 கேண்டெலா என்றால் வர்க்கமூலம் 50, தூரம் 100 மீட்டர். ஆனால் அந்த 100-வது மீட்டரில் விழுகிற வெளிச்சம் பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவுதான். நிலா வெளிச்சத்தில் பாம்பு தெரியுமா? அதனால் டப்பாவில் போட்ட தூரத்தில் கால் பங்கை எடுத்துக்கொள்வது என் பழக்கம். நமக்கு வேண்டிய 15 அடிக்கு 500 கேண்டெலாவே தாராளம். அதற்கு மேல் இருப்பதெல்லாம் வயலின் மறுகோடியைப் பார்க்க.

"இத்தனை மணி நேரம் எரியும்" என்ற எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 2009-ல் அமெரிக்காவில் டார்ச்சுகளுக்கு ஒரு பொது அளவுமுறை கொண்டுவந்தார்கள். நல்ல கம்பெனிகள் பலதும் அதைப் பின்பற்றுகின்றன. அந்த முறைப்படி, விளக்கைப் போட்டு 30 நொடி கழித்து இருக்கும் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறைகிற வரைக்கும் ஆகும் நேரம்தான் எரியும் நேரம். முதல் ஐந்து நிமிஷம் 500 லூமென் கொடுத்துவிட்டு, சூடு தாங்காமல் 150-க்கு இறங்கி, அதிலேயே இரண்டு மணி நேரம் எரிந்தாலும், அட்டையில் "500 லூமென், 2 மணி" என்று அச்சடிக்கலாம். பொய் இல்லை; முழு உண்மையும் இல்லை. உள்ளங்கை அளவு டார்ச்சுக்குச் சூட்டை வெளியே தள்ள இடம் கிடையாது. 2,000, 3,000 என்று போட்டிருக்கும் சின்ன டார்ச் எல்லாம் சில நிமிஷத்து வாணவேடிக்கைதான்.

எந்த முறைச் சான்றும் இல்லாமல், "10 வாட்", "1 கிலோமீட்டர்" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த எழுத்துக்கு மதிப்பு கொடுக்காதீர்கள். டார்ச்சு நன்றாகவே இருக்கலாம், அட்டை அதைச் சொல்லாது.

வேலைக்கு எவ்வளவு வேண்டும் என்றால், கட்டுத்தறியில் படுத்திருக்கிற மாட்டை எழுப்பாமல் பார்க்க, ஸ்டார்ட்டர் பெட்டியில் பீஸ் போயிருக்கா என்று பார்க்க 5 லூமென் போதும். வரப்பில் நடக்க 50 முதல் 100. "என்னமோ சரசரத்துச்சே" என்று சுற்றிப் பார்க்க 200, 300. இந்த மூன்று படியும் ஒரே டார்ச்சில் இருந்தால் போதும். நான்காவதாக மினுக்கு மினுக்கென்று அடிக்கிற படி எதற்கு என்று எனக்கு இதுவரைக்கும் விளங்கவில்லை. ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் அந்த மினுக்கலைத் தாண்டித்தான் அணைக்க வேண்டும் என்கிற டார்ச்சை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

சொட்டுநீர்க் குழாய்ச் சோதனை

கருவி எதுவும் வேண்டாம். நாங்கள் ஐந்து பேர் ஒரு அமாவாசை ராத்திரியில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். பழைய 16 மில்லிமீட்டர் சொட்டுநீர்ப் பக்கக் குழாயை மூன்றடித் துண்டுகளாக வெட்டிக்கொண்டோம். கட்டுவிரியன் பருமனுக்கும் நீளத்துக்கும் அது கிட்டத்தட்டச் சரி. கறுப்பும் அதே கறுப்பு. சிலதில் மட்டும் விரலிடைக்கு ஒரு வெள்ளை நூல் சுற்றினோம். சுருட்டை விரியனுக்குப் பதிலாக ஒரு அடித் தேங்காய் நார்க் கயிறு. ஒருத்தர் மட்டும் போய் இவற்றை வரப்பிலும், மஞ்சள் தாள் மூடாக்கிலும், வாழைச் சருகுக்குள்ளும், ஈர வாய்க்கால் ஓரத்திலும் போட்டுவிட்டு வந்தார். மற்றவர்கள் ஆளுக்கொரு டார்ச்சோடு, வழக்கமான வேகத்தில், தனித்தனியாக நடந்தோம். எது கண்ணில் பட்டது, எத்தனை எட்டுக்கு முன்னால் பட்டது என்று மட்டும் குறித்தோம்.

குவிந்து அடிக்கிற நீலவெள்ளை டார்ச்சோடு போனவர், நேர் எதிரே கிடந்ததை எல்லாம் தூரத்திலிருந்தே சொன்னார். ஆனால் வரப்பின் ஓரத்தில், கால் வைக்கிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தவற்றில் பாதிக்கு மேல் தாண்டிப் போய்விட்டார். வெளிச்சம் குறைவான, ஆனால் பரவலாக விழுகிற, கொஞ்சம் மஞ்சள் கலந்த விளக்கு வைத்திருந்தவர் ஏறக்குறைய எல்லாவற்றையும் பார்த்தார். நார்க்கயிறுதான் எல்லாரையும் திணற அடித்தது. சருகு நிறத்தில் சருகுக்குள்ளே கிடப்பதை எந்த விளக்கும் எளிதில் காட்டாது. பழைய வாழைச் சருகு கனமாக மூடின இடத்தில் ராத்திரி கால் வைக்கக் கூடாது என்று அன்றைக்கே பேசிக்கொண்டோம். கண்புரை ஆரம்பித்த பெரியவர் ஒருத்தர் கூட இருந்தார். அவருக்கு அதிக வெளிச்சம் கண் கூசி உபத்திரவமாக இருந்தது. நடுப்படியில் வைத்ததும் நன்றாகத் தெரிகிறது என்றார். அப்பாவுக்கு டார்ச் வாங்கிக் கொடுப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

இன்னொன்றும் அன்று தெரிந்தது. அதே டார்ச்சை நெற்றியில் பிடித்தால் தெரியாத குழாய், இடுப்புக்குக் கீழே பிடித்தால் தெரிகிறது. விளக்கு கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் பொருளின் நிழல் பொருளுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். தரை தட்டையாகத் தெரியும். கை தாழ்ந்தால் நிழல் நீளும், மேடு பள்ளம் எழும்பி வரும். தலையில் மாட்டுகிற லைட்டு பால் கறக்க அருமை, இரண்டு கையும் சும்மா இருக்கும். நடக்கும்போது அதை நம்பாதீர்கள். பூச்சியெல்லாம் முகத்துக்கு வருவது தனித் தொல்லை.

கண்ணுக்குப் பக்கத்தில் பிடிப்பதற்கும் ஒரு வேலை இருக்கிறது. மூக்குக்கு நேரே டார்ச்சை வைத்து நெல் வயலைப் பாருங்கள். பனித்துளி மாதிரி பச்சையாகப் புள்ளி புள்ளியாக மின்னும். கிட்டப் போனால் அது ஓநாய்ச் சிலந்தியின் கண். புகையான் தின்கிற நம்ம கூலி இல்லாத ஆள். எத்தனை மின்னுகிறது என்று எண்ணினால் வயலில் நன்மை செய்யும் பூச்சி எவ்வளவு இருக்கிறது என்று ஒரு மதிப்பு கிடைக்கும். இதை வைத்து, "பாம்புக் கண்ணும் மின்னும், தெரிந்துவிடும்" என்று எண்ணிவிடாதீர்கள். பாம்புக் கண்ணில் அந்த மின்னும் படலம் கிடையாது.

நிறம்

எல்.இ.டி. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற எண்ணில் சொல்வார்கள். 6,500 என்றால் நீலம் கலந்த வெள்ளை, 4,000 என்றால் மஞ்சள் கலந்தது, 3,000-க்குக் கீழே போனால் பழைய குண்டு பல்பு. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று 100-க்கு ஒரு மதிப்பெண் உண்டு. சாதாரண டார்ச் 70 வாங்கும். 90 வாங்குகிறவை இருக்கின்றன. அதே மின்சாரத்துக்கு வெளிச்சம் கொஞ்சம் குறையும்.

சோதிப்பது சுலபம். ஒரு பழுத்த மிளகாய், ஒரு காய்ந்த மிளகாய், பாதி மஞ்சளான இலை ஒன்று, ஒரு கை செம்மண். இருட்டறையில் டார்ச்சடித்துப் பாருங்கள், பிறகு பகலில் பாருங்கள். சிவப்பும் பழுப்பும் ஒரே சாம்பல் மாதிரி தெரிந்தால் அந்த விளக்கு நடக்க மட்டும்தான் ஆகும்.

நமக்கு இது வெறும் அழகு விஷயம் இல்லை. புரோடீனியா புழு பகலில் மண் இடுக்கிலும் சருகிலும் ஒளிந்துகொண்டு ராத்திரியில்தான் நிலக்கடலை இலையைத் தின்கிறது. பகலில் பார்த்து "ஒண்ணும் இல்லை" என்று விடுகிறோம். எட்டு, ஒன்பது மணிக்கு ஒரு சுற்று வந்தால் எத்தனை இருக்கிறது, கையால் பொறுக்கினால் போதுமா, விரட்டி தெளிக்கணுமா என்று தெரிந்துவிடும். பச்சை இலையில் பழுப்புப் புழுவைப் பிரித்துக் காட்ட நல்ல நிற விளக்கு வேண்டும். மாட்டுக் காலில் காயம் இருந்தால் ரத்தமா சேறா என்று பார்ப்பதற்கும் அப்படித்தான். மஞ்சள் கலந்த விளக்குக்கு நீலவெள்ளையை விடப் பூச்சி குறைவாக வரும் என்பது இன்னொரு லாபம். விளக்குப்பொறி வைக்கிறவர்கள் இதையே திருப்பிப் போட்டு யோசிக்கலாம்.

கட்டை, பென்சில், லித்தியம்

அந்தக் காலத்து மூணு கட்டை டார்ச்சைத் தலையில் அடித்தால் ஆள் விழுவான். இன்று பையில் அடங்குவதெல்லாம் மூன்று வகை பேட்டரியில் வருகிறது. இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். டார்ச்சு பத்து வருஷம் உழைப்பதும் ஒரே வருஷத்தில் குப்பைக்குப் போவதும் பேட்டரியால்தான்.

முதலாவது பென்சில் செல். ரிமோட்டில் போடுகிற சின்னது ஒரு வகை, சுவர்க் கடிகாரத்தில் போடுகிற பெரியது ஒரு வகை. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்பதுதான் இதன் பெரிய பலம். ஆனால் தூக்கி எறிகிற அல்கலைன் செல்லை உள்ளேயே மறந்து விட்டால் பொங்கி வழியும். வெள்ளைப் பூ பூத்த மாதிரி இருக்கிற அந்தக் கசிவு காரத்தன்மை உள்ளது, ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். அதே அளவில் திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல் செல் இருக்கிறது. 1.2 வோல்ட், பெரிய பென்சிலில் சுமார் 2,000 எம்.ஏ.எச். சும்மா வைத்தாலும் சார்ஜ் இறங்காத வகை என்று கேட்டு வாங்குங்கள். நான்கு செல்லும் ஒரு சார்ஜரும் வாங்கினால் பல வருஷத்துக்குச் செல் வாங்குகிற செலவு இல்லை. 50 லூமென் படியில் ஒரு செல் மூன்று, நான்கு மணி நேரம் தாங்கும்.

இரண்டாவது 18650 என்கிற லித்தியம் செல். எண்ணிலேயே அளவு இருக்கிறது: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். 3.7 வோல்ட். ஒரு பென்சில் நிக்கல் செல்லைப் போல நான்கு பங்குக்கு மேல் சக்தி இதில் அடங்கும். ஏமாற்று வேலையும் இதில்தான் அதிகம். இந்த அளவுச் செல்லில் 3,500 எம்.ஏ.எச்.-ஐ ஒட்டித்தான் நல்ல கம்பெனிகளே கொடுக்கின்றன. 6,000, 9,900 என்று உறையில் அச்சடித்திருந்தால் எழுதினவர் கை நீளம், அவ்வளவுதான். சமையல் தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல செல் 45 கிராமுக்குக் குறையாது. 30 கிராம் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

14500 என்று ஒன்று உண்டு, பெரிய பென்சில் செல்லின் அதே உருவம், ஆனால் லித்தியம், 3.7 வோல்ட். டார்ச்சின் காகிதத்தில் அந்தச் செல்லும் போடலாம் என்று எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள். இல்லாவிட்டால் விளக்கு கருகிவிடும். சுவர்க் கடிகாரத்தில் குழந்தைகள் எடுத்துப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, திறக்கவே முடியாமல் உள்ளேயே மூடின பேட்டரி. சந்தையில் மலிவாகக் கிடைக்கிற, பின்பக்கம் இரண்டு முள் நீட்டிச் சுவரில் செருகுகிற டார்ச்சுகள் பலவற்றில் இருப்பது சின்ன ஈய அமில பேட்டரி. அதை முழுசாக இறங்க விட்டு இரண்டு மாதம் பரணில் போட்டால் செத்துப் போகும். பிறகு அந்த டார்ச்சு எங்கே போகிறது? குப்பைமேட்டுக்கு. குப்பைமேடு எங்கே போகிறது? அடியுரமாக நம்ம காட்டுக்கே வருகிறது. ரசாயன உரமே வேண்டாம் என்று இருக்கிற நிலத்தில் ஈயத்தை நாமே கொண்டுபோய்க் கொட்டுவானேன்? 2022-ல் ஒன்றிய அரசு கொண்டுவந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிப்பது தயாரித்தவர் பொறுப்பு. மண்ணில் புதைப்பதும் எரிப்பதும் கூடாது. நடைமுறையில், ஒரு பழைய தகர டப்பாவில் செத்த செல்லை எல்லாம் போட்டு வைத்து, டவுனுக்குப் போகும்போது பேட்டரிக் கடையிலோ மின்கழிவு வாங்குமிடத்திலோ கொடுத்துவிடலாம். லித்தியம் செல்லின் இரண்டு முனைக்கும் டேப் ஒட்டிவிட்டுப் போடுங்கள்.

ஆக, பேட்டரியைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா என்பதே நான் கடையில் கேட்கும் முதல் கேள்வி. இல்லை என்றால் விலை கேட்க வேண்டியதில்லை.

சார்ஜ் ஏற்றுகிற வாய் டைப்-சி ஆக இருந்தால் போன் சார்ஜரே போதும். ஆனால் சில டார்ச்சுகள் இரண்டு முனையும் டைப்-சி ஆன வயரில் ஏறாது; ஒரு முனை பழைய சதுர யூ.எஸ்.பி. ஆக இருந்தால்தான் ஏறும். கடையிலேயே உங்கள் வீட்டு வயரைச் செருகிப் பாருங்கள். தோட்டத்துச் சாளையில் மின்சாரம் இல்லாதவர்களுக்கு, யூ.எஸ்.பி. வாய் உள்ள 10 வாட் சூரியத் தகடு ஒன்று தாராளம். தகடு வெயிலில் இருக்கட்டும், செல் நிழலில் இருக்கட்டும். வைக்கோல் போர் பக்கத்திலோ, தூங்கும்போது தலைமாட்டிலோ லித்தியம் சார்ஜ் போட வேண்டாம். செல்லைத் தனியாகச் சாவி, சில்லறையோடு பையில் போடுவதும் ஆபத்து.

தண்ணீர், சேறு, ஒற்றைக் கை

ஐபிஎக்ஸ்4 என்றால் சாரல் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்கும். நமக்கு 7 வேண்டும், வாய்க்காலில் விழாத டார்ச்சு கிடையாது. வாங்கின அன்றே பக்கெட் தண்ணீரில் அரைமணி போட்டு எடுத்து, துடைத்து, திறந்து, உள்ளே ஈரம் இருக்கா பாருங்கள். மாற்றிக் கொடுக்கும் காலத்துக்குள் தெரிந்துவிடும். மூடியில் இருக்கிற ரப்பர் வளையத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை துளி சிலிகான் கிரீஸ் தடவலாம். வாசலின், மோட்டார் கிரீஸ் பட்டால் சில ரப்பர் உப்பிவிடும்.

ஒரு கையில் மண்வெட்டி அல்லது கம்பு இருக்கும், மற்றக் கை சேறாக இருக்கும். அந்தக் கையாலேயே எடுத்து, பார்க்காமலே போட முடிகிறதா? பையிலிருந்து நழுவுகிறதா? சேற்றில் கையை நனைத்துக்கொண்டு செய்து பாருங்கள், கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். பித்தான் தானாக அமுங்கிப் பையிலேயே எரிந்தால் துணி கருகும் அளவுக்குச் சில டார்ச்சு சூடாகும். மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினால் பல டார்ச்சில் மின்சாரம் அறுந்துவிடும். அது வேலை செய்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எடையும் முக்கியம். 18650 டார்ச்சு செல்லோடு 100 கிராமுக்கு மேல் போகும். மேல்சட்டைப் பையில் போட்டுக் குனிந்தால் நேராகத் தண்ணீருக்குள். அதை இடுப்பு பெல்ட்டில் மாட்டலாம். சட்டைப் பைக்குப் பென்சில் செல் டார்ச்சுதான் சரி, நான் வைத்திருப்பதும் அதுதான்: ஒற்றைச் செல், மூன்று படி, கழுத்தில் கிளிப்பு. எங்க வீட்டம்மா கேட்டது வேறு: "சேலைக்குப் பை ஏது?" அதனால் அவங்க டார்ச்சில் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்குகிறது, மார்பளவில் தானாகத் தரையைப் பார்த்து எரிகிறது. கறுப்பு டார்ச்சாக இருந்தால் சிவப்புத் துணி ஒன்று கட்டிவிடுங்கள், சேற்றில் விழுந்தால் தேடுவது பகலிலேயே கஷ்டம். விலை என்று பார்த்தால், நான் சொன்ன குணங்களோடு 500 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய்க்குள் தேடினால் கிடைக்கும்.

வெளிச்சம் இருக்கிறதென்று கம்பையும் கம்பூட்ஸையும் விட்டுவிட வேண்டாம். மோட்டார் ரூம் கதவின் கீழ் இடுக்கு, குழாய் அடுக்கு, சாக்கு, விறகு, இவற்றில் கை வைக்கும் முன் ஒரு அடி அடித்துப் பாருங்கள். கட்டுவிரியன் கடி பல சமயம் எறும்பு கடித்த மாதிரிகூட வலிக்காது. சந்தேகம் என்றாலே போய்விட வேண்டும். கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, முறிமருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். பாம்பை அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை.

செல் வாங்கின தேதியை அழியாத மையால் அதன் மேலேயே எழுதி வையுங்கள். அடுத்த பண்ணைக் கூட்டத்தை மதியத்தில் முடித்துவிடாமல் இருட்டும் வரை நீட்டினால், ஆளுக்கொரு டார்ச்சும் இருபது சொட்டுநீர்க் குழாய்த் துண்டும் போதும், எல்லாருடைய டார்ச்சையும் ஒரே வரப்பில் சோதித்துவிடலாம். குழாயைப் போட்டுவிட்டு வருகிற ஆள், எத்தனை போட்டார் என்று எண்ணி வைத்துக்கொள்ளட்டும். ஒன்று குறைந்தால் அது எங்கே கிடக்கிறது என்று தேடாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.